யான் மாயென்: சண்டை நடக்காத தீவுக்கு எதற்குப் பீரங்கி?

ஜனவரி 9, மாலை. வாசகர் கேள்வி

நார்வேயின் யான் மாயென் தீவின் "இரண்டாம் உலகப் போர்க்கால வரலாறு" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு பேர், ஒரு ரேடியோ, ஒரு வெப்பமானி. தரைச்சண்டை ஒன்றுகூட இல்லை. நார்வே முழுவதையும் விழுங்கிய ஜெர்மானியர் ஒரு மீன்பிடிக் கப்பலில் இருபது பேரை அனுப்பியிருந்தால் மத்தியானத்துக்குள் தீவு கைமாறியிருக்கும். அனுப்பவில்லை என்றால் அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்றுதானே பொருள்? வெறும் பாறைக்கு இவ்வளவு பில்டப் எதற்கு?

ஜனவரி 9, இரவு

அனுப்பினார்கள். 1940 நவம்பர் நடுவில் ஹின்ரிக் ஃப்ரீசே என்ற கப்பல் ஒரு வானிலைக் குழுவோடு வந்தது. கரைக்குப் பக்கத்தில் பாறையில் ஏறி உடைந்தது. தத்தளித்துக் கரையேறியவர்களை, அங்கே காத்திருந்த பிரிட்டிஷ் டெஸ்ட்ராயரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் சொன்ன திட்டம்தான், விளைவு மட்டும் நேர் எதிர்.

பிரிட்டிஷார் தற்செயலாக அங்கே நிற்கவில்லை. ஜெர்மன் உளவுத்துறையான அப்வேரின் ரேடியோப் பேச்சை அவர்கள் ஏற்கெனவே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 10

"வெறும் பாறை" என்பதைப் பற்றி. தீவை ஓர் அகப்பையாக நினைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கே உருண்டையான குழி, தென்மேற்கே நீளமான காம்பு. குழிப்பகுதி வட யான். அங்கே குழிக்குப் பதில் மலை இருக்கிறது: பேரன்பெர்க், 2277 மீட்டர், கடலிலிருந்து நேராக எழும் எரிமலை, தலையில் பனியாறு. காம்புப் பகுதி தென் யான், உச்சி 769 மீட்டர். இரண்டும் சேரும் கழுத்தின் அகலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். மொத்த நீளம் 55 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பரப்பு 377 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு பனியாறு.

இடம்: ஏறத்தாழ வட அட்சம் 71, மேற்குத் தீர்க்கம் 8. கிழக்குக் கிரீன்லாந்துக் கரை சுமார் 500 கிலோமீட்டர், ஐஸ்லாந்து சுமார் 600, நார்வேப் பெருநிலம் சுமார் 1000. வட அட்லான்டிக்கில் பிறக்கும் புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, யான் மாயென் மூன்றின் அளவீடும் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நார்வேக் கடலின் நாளைய வானம் இன்றே தெரியும். ஐரோப்பாவின் மேற்குக் கரையைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியருக்குப் புயல் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். போரில் ஒரு கப்பல் அணியை எப்போது கிளப்புவது, விமானத்தை எப்போது ஏற்றுவது என்பதெல்லாம் இதில் தொங்குகிறது.

துறைமுகம் கிடையாது. ஒன்றுகூட. இதை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

பெயர் உச்சரிப்புக்கு: "ஜான்" இல்லை, "யான்". 1614இல் வந்த டச்சுக் கப்பல் தலைவன் யான் யாகோப்ஸோன் மாய் பெயர். நார்வேயின் இன்னொரு ஆர்க்டிக் பகுதியான ஸ்வால்பார்டோடு சேர்த்து ஒரே நாட்டுக்குறியீட்டில் போடுவதால் பலர் இரண்டும் ஒரே தீவுக்கூட்டம் என்று நினைக்கிறார்கள். நிர்வாகமும் வேறு, சட்டமும் வேறு. ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் இந்தத் தீவைத் தொடாது. 1921இல் நார்வே வானிலை நிலையம் போட்டது. 1930இல் சட்டம் இயற்றி நாட்டோடு சேர்த்துக்கொண்டது.

ஜனவரி 12

9ஆம் தேதி இரவு எழுதியதில் பிழை. "டெஸ்ட்ராயர்" என்று போட்டேன். பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. நயாட் என்ற அந்தக் கப்பல் இலகுரக க்ரூசர், டெஸ்ட்ராயரைவிடப் பெரிய போர்க்கப்பல். சின்ன விஷயமில்லை. ஒரு மீன்பிடிக் கப்பலைத் துரத்த ஒரு க்ரூசரை அனுப்பியிருக்கிறார்கள் என்றால், கேள்வி கேட்டவர் சொன்ன "தேவையில்லாத பாறை"க்கு லண்டன் என்ன விலை போட்டிருந்தது என்று தெரிகிறது.

தேதிவாரியாக ஒருமுறை:

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது. தீவில் இருந்த நால்வர் தங்கள் அளவீடுகளை நேசநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் நிலையத்தைத் தாங்களே உடைத்துவிட்டு வெளியேற முடிவானது.  நவம்பரில் தீவுக்கு வந்த நார்வேயின் ரோந்துக் கப்பல் ஃப்ரித்யோஃப் நான்சென், கடல்வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையில் ஏறி உடைந்துபோனது. ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். அந்தப் பாறைக்கு இன்று கப்பலின் பெயர்தான், நான்சென்ஃப்லுவா. அடுத்த சில நாட்களில்தான் ஹின்ரிக் ஃப்ரீசே.

1941 மார்ச் 10 அன்று வெஸ்லேகாரி என்ற பனிக்கடல் கப்பல், ஹொன்னிங்ஸ்வோக் என்ற ரோந்துக் கப்பலின் காவலோடு, 12 நார்வேக்காரர்களை மறுபடி இறக்கியது. அவர்கள் ரேடியோவைத் திறந்ததுமே ஜெர்மானியருக்குத் தெரிந்துவிட்டது. நார்வேயிலிருந்து விமானங்கள் வந்து குண்டு போட்டன, பெரிய சேதமில்லை. பிறகு விமான எதிர்ப்புப் பீரங்கியும் கூடுதல் ஆட்களும் வந்தார்கள். தலைப்பில் கேட்ட பீரங்கி இதுதான்.

1940 நவம்பர் என்ற ஒரே மாதத்தில் இரு தரப்புக் கப்பலையும் அதே கரை தின்றது. நார்வேக்காரர்கள் 1921 முதல் அங்கே இருந்தவர்கள். அவர்களுக்கே பாறை தெரியவில்லை.

ஜனவரி 13

"துறைமுகம் இல்லாவிட்டால் என்ன, படகில் இறங்கலாமே" என்று பதில் வந்திருக்கிறது. இறங்கலாம். எப்படி என்று பாருங்கள்.

கப்பல் சற்றுத் தள்ளி நங்கூரம் போடும். மேற்குப் பக்கத்தில் க்வால்ரோஸ்புக்தா, தென்கிழக்குப் பக்கத்தில் போட்விகா. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு மறுபக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாமான் எல்லாம் சின்னப் படகுக்கு மாறும். படகு கருமணல் கரையில் முட்டும். இடுப்பளவு பனிநீரில் ஆட்கள் இறங்கி, எண்ணெய்ப் பீப்பாய், நிலக்கரி மூட்டை, ஆன்டெனாக் கம்பத் துண்டுகள், பாட்டரி என்று ஒவ்வொன்றாகத் தூக்கவேண்டும். பீப்பாயைக் கடலில் மிதக்கவிட்டுக் கயிற்றால் இழுக்கலாம். பாட்டரியை அப்படிச் செய்ய முடியாது. அமிலத்தைத் தனியாக, கடைசியாக, அலை அடங்கிய நேரம் பார்த்து இறக்கவேண்டும்.

தப்பு எங்கே நடக்கும்? காற்று திரும்பும்போது. காம்புப் பகுதி ஒல்லியானது, அலை முனையைச் சுற்றிக்கொண்டு மறைவுப் பக்கத்துக்கும் வரும். அப்போது கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடும். பாதிச் சாமான் கரையில், பாதி கப்பலில். ரேடியோ இறங்கியிருக்கும், மின்னாக்கி இறங்கியிருக்காது. அதனால் இறக்கும் வரிசை முக்கியம்: முதலில் கூடாரம், உணவு, அடுப்பு. அடுத்து ரேடியோவும் அதற்குத் தேவையான எல்லாமும் ஒரே படகில். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் இரண்டுமே வீண்.

இதையெல்லாம் எதிரி க்ரூசர் பார்த்துக்கொண்டிருக்க, நவம்பரில், பகல் வெளிச்சம் ஏறத்தாழ இல்லாத அட்சத்தில் செய்யவேண்டும். இருபது பேர், மத்தியானத்துக்குள்!

ஜனவரி 13, இரவு

விறகு உண்டா என்று ஒருவர் கேட்கிறார். மரமே முளைக்காத தீவில் விறகு ஏராளம். சைபீரிய ஆறுகளில் அடித்துவரும் கட்டைகள் துருவக் கடற்பனியோடு நகர்ந்து வந்து இங்கே ஒதுங்குகின்றன. ரேக்வேட்புக்தா என்ற விரிகுடாவின் பெயருக்கே "ஒதுங்கிய கட்டை விரிகுடா" என்றுதான் பொருள். நரி பிடிக்க வந்தவர்கள் இதில்தான் குடிசை கட்டினார்கள்.

எரிமலை மணலில் கம்பத்தின் இழுகம்பிக்கு முளை அடித்தால் நிற்காது, முதல் புயலில் உருவிக்கொண்டு வரும். ஒரு கட்டையைப் படுக்கைவாக்கில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து அதில் கம்பியைக் கட்டினால் நிற்கும். ஆன்டெனாவின் பீங்கான் காப்புகளில் உப்பு படியும், சக்தி அதன் வழியே கசியும். துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஜனவரி 15

"ஒரு வெப்பமானி" என்ற கிண்டலை விட்டுவிட முடியவில்லை.

பாதரசப் பாரோமீட்டரை அப்படியே படித்து அனுப்பினால் அது குப்பை. மூன்று திருத்தம் உண்டு. ஒன்று, கருவியின் வெப்பநிலை. பாதரசம் சூட்டில் விரியும். இரண்டு, புவியீர்ப்பு, 71 பாகையில் ஈர்ப்பு 45 பாகையைவிடச் சற்று அதிகம், 1000 ஹெக்டாபாஸ்கல் காற்றழுத்தத்துக்கு 2 கூட்டவேண்டும். மூன்று, உயரம்; கடல்மட்டத்துக்கு மேலே ஒவ்வொரு 8 மீட்டருக்கும் சுமார் 1 கூட்டவேண்டும். குடிசையை 24 மீட்டர் மேட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய அட்டவணையையே வைத்திருந்தால் வரைபடத்தில் 3 ஹெக்டாபாஸ்கல் ஆழத்தில் ஒரு பொய்யான தாழ்வு முளைக்கும்.

காற்று இன்னும் மோசம். பேரன்பெர்க்கின் மறைவில் நின்றால் அமைதி, முனையில் நின்றால் சூறை. மலைக்குப் பின்னால் காற்று இடமும் வலமுமாகச் சுழல்களாகப் பிரிந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். செயற்கைக்கோள் படத்தில் மேகத்தில் பின்னல் பின்னலாகத் தெரிவது அதுதான். தரைக்காற்றை மட்டும் நம்பினால் மலையைத்தான் அளக்கிறோம், வானிலையை இல்லை.

அதனால் பலூன். நிமிடத்துக்கு 150 மீட்டர் ஏறும்படி வாயு நிரப்பிவிட்டு, தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கியில் நிமிடத்துக்கொரு முறை ஏற்றக்கோணமும் திசைக்கோணமும் படிப்பார்கள். இரண்டாம் நிமிடத்தில் உயரம் 300 மீட்டர். கோணம் 30 பாகை என்றால் கிடைத்தூரம் 520 மீட்டர். 120 நொடியால் வகுத்தால் காற்று நொடிக்கு 4.3 மீட்டர். இருட்டுக்காலத்தில் அடியில் சின்ன விளக்கு தொங்கும். மேகம் தாழ்ந்திருந்தால் பலூன் அதற்குள் போனதும் கணக்கு முடிந்தது.

இப்படிக் கிடைத்த எல்லாம் ஐந்தைந்து இலக்கத் தொகுதிகளாகச் சுருங்கிச் சில நிமிடங்களில் காற்றில் போய்விடும். தீவின் மொத்த விளைச்சல் அவ்வளவுதான்.

ஜனவரி 16

பலூனுக்கு வாயு எங்கிருந்து என்று கேட்டவருக்கு. 40 லிட்டர் எஃகு உருளையில் 150 மடங்கு அழுத்தத்தில் 6 கன மீட்டர் ஹைட்ரஜன் பிடிக்கும். எடையோ 60 கிலோ அளவில். மேலே சொன்ன கரையில் அதை உருட்டிப் பாருங்கள். உருளை தூக்க முடியாத இடத்தில் வழி வேறு: காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் தண்ணீரும். 1 கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 1.2 கன மீட்டர். ஆகவே 6 கன மீட்டருக்கு 5 கிலோ அலுமினியம், ஏழரைக் கிலோ சோடா. பன்னிரண்டரைக் கிலோவில் அறுபது கிலோ உருளையின் வேலை.

ஆபத்து: தண்ணீர் பனிபோல் இருந்தால் வினை தொடங்காது. பொறுமையிழந்து இன்னும் அலுமினியத்தைப் போட்டால், சூடேறிய பிறகு எல்லாம் ஒரேயடியாகப் பொங்கும். கொஞ்சங்கொஞ்சமாகத்தான் போடவேண்டும். வாயுவோடு வரும் காரத்துளி ரப்பரை அரிக்கும். இடையில் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தின் வழியே குமிழவிட்டு அனுப்பவேண்டும். பக்கத்தில் அடுப்பு கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

ஜனவரி 19

வேறொரு வாசகர்: "போரின்போது ஜெர்மானியர் கைக்குப் போகாத ஒரே நார்வே மண் இதுதான்." இந்த வரி பல இடங்களில் சுற்றுகிறது. ஏறத்தாழ சரி, ஆனால் வால் பிடித்துத் தொங்கக்கூடாது.

ஸ்வால்பார்டை ஜெர்மானியர் முதலில் பிடிக்கவேயில்லை. 1941 ஆகஸ்டில் நேசநாட்டுப் படை வந்து குடிமக்களை ஏற்றிக்கொண்டு, நிலக்கரிக் குவியலைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்த வெற்றிடத்தில் ஜெர்மன் வானிலைக் குழு நுழைந்தது. 1942 மேயில் நார்வேக்காரர்கள் திரும்பினார்கள். 1943 செப்டம்பரில் டிர்பிட்ஸ், ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து அடித்து நொறுக்கின. ஆகவே அங்கே "யார் கையில்" என்பதே ஆண்டுக்கு ஆண்டு மாறும். சட்டப் பொடி வைத்துப் பேசினால் தென்கோடியில் நார்வேக்குச் சொந்தமான பூவே தீவையும் சேர்க்கலாம், அதையும் யாரும் பிடிக்கவில்லை. பெங்குவின்கள் சரணடைய மறுத்திருக்கும்.

அதே வாசகரின் அடுத்த வரி, "கடைசி ஜெர்மன் வீரர்கள் சரணடைந்த இடமும் யான் மாயென்", முழுத் தவறு. அது ஸ்வால்பார்டின் வடகிழக்குத் தீவான நூர்ஆஸ்ட்லாந்து. வில்ஹெல்ம் டேகெ தலைமையில் 11 பேர் கொண்ட ஹௌடெகன் வானிலைக் குழு. ஜெர்மனி சரணடைந்தது 1945 மே 8. இவர்களைக் கூட்டிப்போக ஒரு சீல் வேட்டைக் கப்பல் வந்தது செப்டம்பர் 4.

ஜனவரி 20

இந்தத் தீவைச் சுற்றிய கடலில் கிடைத்த மிகப் பெரிய பொருளைப் பற்றி இதுவரை சொல்லவேயில்லை. என் தப்பு.

தீவு கிடைக்காததால் ஜெர்மானியர் மாற்றுவழி பிடித்தார்கள்: மீன்பிடிக் கப்பல்களை வானிலைக் கப்பல்களாக மாற்றி ஐஸ்லாந்துக்கும் யான் மாயெனுக்கும் வடக்கே வாரக்கணக்கில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் எனிக்மா என்ற சங்கேத இயந்திரம் இருந்தது, குறுஞ்செய்தி வானிலைச் சங்கேத நூல் இருந்தது. நீண்ட பயணம் என்பதால் அடுத்த மாதச் சாவி அட்டவணையும் (எனிக்மாவை நாள்தோறும் எப்படி அமைப்பது என்ற பட்டியல்) பெட்டகத்தில் இருந்தே ஆகவேண்டும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பிரிட்டிஷ் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கின் ஹாரி ஹின்ஸ்லி.

1941 மே 7 அன்று மூன்ஷென், ஜூன் 28 அன்று லௌவென்பூர்க் என்ற வானிலைக் கப்பல்களைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். பீரங்கியால் சுட்டது மூழ்கடிக்க இல்லை, ஆட்களைப் பதறவைத்து இறக்க. முதல் கப்பலில் எனிக்மாவைக் கடலில் வீசிவிட்டார்கள். ஆனால் ஜூன் மாதச் சாவிகள் கிடைத்தன. இரண்டாவதில் ஜூலைச் சாவிகள். அந்த மாதங்களில் ஜெர்மன் கடற்படைச் செய்தியை ஏறத்தாழ உடனுக்குடன் படிக்க முடிந்தது.

வானிலைச் செய்தி இன்னொரு விதத்திலும் காட்டிக்கொடுக்கும். அதில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்: அழுத்தம், வெப்பம், காற்று, அதே வரிசை. சங்கேதம் உடைப்பவனுக்கு இதைவிட இனிப்பு வேறில்லை. கேள்வி கேட்டவருக்கு இதுதான் என் உண்மையான பதில்: தீவைப் பிடிக்க முடியாததால் கப்பல் வந்தது, கப்பல் வந்ததால் சாவி போனது.

ஜனவரி 20, திருத்தம்

மேலே உள்ள கடைசி வரியை நானே நம்பிவிட்டேன், அது கொஞ்சம் அதிகம். யான் மாயென் கையில் இருந்திருந்தாலும் ஜெர்மானியர் கடலில் கப்பல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு புள்ளி போதாது. எண்ணிக்கை குறைந்திருக்கலாம். அவ்வளவு சொன்னால் போதும்.

ஜனவரி 24

1943இல் அமெரிக்கர்கள் தீவின் வடபகுதியில் திசையறி ரேடியோ நிலையம் வைத்தார்கள். பெயர் "அட்லான்டிக் சிட்டி", கேளிக்கை நகரத்தின் பெயர்! குளிரில் யாருக்கோ நகைச்சுவை உணர்வு மிஞ்சியிருக்கிறது. வேலை: கிரீன்லாந்தில் ஒளிந்திருந்த ஜெர்மன் வானிலை நிலையங்களின் ரேடியோவைப் பிடிப்பது.

ஒரு நிலையத்திலிருந்து ஒரு கோடுதான் கிடைக்கும். இடம் தெரிய இரண்டாவது கோடு வேண்டும். ஆனால் இங்கே கிரீன்லாந்தின் கரையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது: கப்பலில் வந்து இறங்கிய குழு கரையை விட்டு வெகுதூரம் உள்ளே போயிருக்காது. கோடு கரையை வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடலாம். 500 கிலோமீட்டரில் 2 பாகைப் பிழை என்றால் இரு பக்கமும் 17 கிலோமீட்டர். சமவெளியில் அது ஒன்றுமில்லை, ஃபியோர்டு (கடல் உள்நுழைந்த ஆழப் பள்ளத்தாக்கு) நிறைந்த கரையில் ஒரு மாதத் தேடல். போதாததற்குத் துருவ ஒளி கொந்தளிக்கும் இரவுகளில் சிற்றலை செத்துப்போகும். கோட்டைச் சாதாரண வரைபடத்தில் அடிமட்டத்தால் இழுத்தாலும் தப்பு; அலை போவது உருண்டையின் மேல், அந்த வளைவைத் திருத்தவேண்டும்.

ஜனவரி 25

பீரங்கி விமானத்தை வீழ்த்தியதா என்று கேட்கிறார்கள். மலை வீழ்த்தியது. 1942 ஆகஸ்ட் 7 அன்று ஃபோக்கெ-வுல்ஃப் காண்டோர் என்ற வகை ஜெர்மன் விமானம் ஒன்று, மூடுபனியில் டானியல்சென் எரிமலைவாயின் சரிவில் மோதியது. ஒன்பது பேரும் இறந்தார்கள். தென்மேற்குப் பக்கத்தில் இன்னொரு ஜெர்மன் விமானம் நான்கு உடல்களோடு 1950இல்தான் கண்ணில் பட்டது. இவ்வளவு சின்னத் தீவில் ஒரு விமானம் போர் முடிந்தும் ஐந்தாண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

கோடையில்தான் மூடுபனி அதிகம். தெற்கிலிருந்து வரும் இளஞ்சூட்டு ஈரக்காற்று, கிரீன்லாந்துப் பக்கக் குளிர்நீரின் மேல் வந்ததும் அடியில் குளிர்ந்து பனியாகப் படியும். பறக்க நல்ல காலம் என்று நினைத்து வருபவனுக்குத்தான் மலை தெரியாது.

படையினர் தங்கிய பள்ளத்தாக்கின் பெயர் யோசிங்டாலென். "யோசிங்" என்பது போர்க்காலத்தில் நாஜி எதிர்ப்பு நார்வேக்காரனுக்குப் பட்டப்பெயர். 1940 பிப்ரவரியில் ஆல்ட்மார்க் கப்பல் சம்பவம் (ஜெர்மன் கப்பலில் ஏறிப் பிரிட்டிஷார் கைதிகளை மீட்டது) நடந்த யோசிங்ஃபியோர்டிலிருந்து வந்தது. நாஜிகளோடு சேர்ந்த துரோகியைக் குறிக்கும் "க்விஸ்லிங்"குக்கு எதிர்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2

போர்க்கால வரைபடத்தை இன்றைய படத்தோடு பொருத்தினால் வடகிழக்குக் கரை ஒட்டவில்லை என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். வரைபடம் சரி. 1970 செப்டம்பரில் பேரன்பெர்க் வெடித்தது, எரிகுழம்பு கடலில் இறங்கி ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் புது நிலம் சேர்ந்தது. அப்போதிருந்து அலை அதைக் கடித்துக்கொண்டிருக்கிறது. 1985இலும் சின்னதாக ஒரு வெடிப்பு. ஆகவே பொருத்தும் புள்ளிகளைக் கழுத்துப் பகுதியிலும் தென் யானிலும் எடுங்கள், வடகிழக்கு முனையைத் தொடாதீர்கள்.

மணற்கரையையும் எடுக்கவேண்டாம். தெற்குக் காயலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள மணல்திட்டு நம்பிக்கைக்குரிய கோடு இல்லை.

பிப்ரவரி 3

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, இப்போதாவது துறைமுகம் கட்டினார்களா?"

இல்லை. 1960 வாக்கில் போட்ட சரளைக்கல் ஓடுபாதை இருக்கிறது, 1585 மீட்டர். ஒலோன்கின்பியென் என்ற குடியிருப்பில் இருபதுக்கும் குறைவான ஆட்கள், முறைவைத்து மாறுவார்கள். ஊருக்குத் துருவ ஆய்வாளர் அமுண்ட்செனின் மௌட் கப்பலில் ரேடியோ பார்த்த கென்னாடி ஒலோன்கின் பெயர். கப்பலில் வரும் சாமான் இன்றும் கரையில்தான் இறங்குகிறது. காற்று திரும்பினால் கப்பல் மறுபக்கம் போகிறது.